படுகைக் காப்பு: காவிரி – கொள்ளிடம்

ஆற்றின் அடித்தரையை வெள்ளம் பறித்துக்கொண்டு போகாதபடி குறுக்குச்சுவர், கல்தளம், மணல்போக்கி போன்றவற்றைக் கட்டுவது படுகைக் காப்பு எனப்படும். சுவர் உறுதியாக இருந்தால் படுகை தப்பிவிடும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் நடந்தவற்றைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆற்றுக்கு வெள்ளம் எவ்வளவோ அவ்வளவு மணலும் வேண்டும். வழியில் மணல் தங்கிவிட்டால், குறைந்த மணலை அது அடுத்த தரையிலிருந்து தோண்டி எடுத்துக்கொள்ளும். ஓரிடத்து அரிப்பை அடக்கும் கட்டுமானம் இன்னோரிடத்தில் அதைக் கிளப்பிவிடுவது இதனால்தான்.

கடலுக்குக் கொள்ளிடம் போகும் வழி குறுகியது, சரிவும் கூடுதல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வெள்ளத்தில் பெரும்பங்கை இழுத்துக்கொண்டது; காவிரியோ மணல் மேடிட்டு, தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. காவிரியின் பழைய அணையான கல்லணையை உயர்த்தியும் அதில் மணல்போக்கி வைத்தும் தீராத இந்தச் சிக்கலுக்கு, ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையிடம் கற்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலணை வேலை செய்தது, அளவுக்கு மீறியே செய்தது. காவிரிக்குத் தண்ணீர் கூடியதும் அதன் படுகை அரிபட்டு ஆழமாயிற்று. 1840-களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பிலும் படுகை மட்டத்தில் ஒரு சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. மேட்டை நீக்கக் கட்டிய அணை, பத்தே ஆண்டில் பள்ளத்தை நிறுத்தவும் ஒரு சுவர் கேட்டது.

அந்த நாளில் கணக்கு இல்லை, அனுபவம் மட்டுமே இருந்தது என்பார்கள். உண்மைதான், ஆனால் கணக்கு வந்தது சேதத்திலிருந்துதான். 1898-இல் கங்கையின் நரோரா அணைக்கட்டு உடைந்தது. இத்தகைய அணைகளில் சுவரின் அடியில் ஊறிச் செல்லும் தண்ணீர் மறுபக்கம் வெளிவரும் இடத்தில், கொதிக்கும் உலைபோல மணல் பொங்கும். பொங்கிய மணலை நீர் அடித்துச் செல்லச் செல்ல, குழி பின்னோக்கி அணையின் அடிவயிறு வரை வந்துவிடும். இதைத் தடுக்கும் கணக்குக்குப் பொறியாளர் பிளை 1910-இல் ஊறும் பாதையின் நீளத்தை அளவாகக் கொண்டார். வெளியேறும் இடத்தில் நீரின் உந்துதல் எவ்வளவு என்பதே முக்கியம் என்று பொறியாளர் கோஸ்லா 1936-இல் காட்டினார். கல்தளத்தின் கடைசியில் தளர்வாகக் கற்களைக் கொட்டி வைப்பதற்கும் காரணம் உண்டு: அடிமணல் அரிபட்டதும் அவை தாமாகவே சரிந்து பள்ளத்தின் சரிவைப் போர்த்திக்கொள்ளும். இங்கே உறுதியைவிட இறங்கிக்கொடுப்பதுதான் உதவுகிறது.

2018 ஆகஸ்ட் 22 இரவு மேலணையின் கொள்ளிட மதகுகள் 45-இல் 9 இடிந்து விழுந்தன. அதே வெள்ளத்தில் திருச்சியின் 1928-ஆம் ஆண்டுப் பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. மணல் அள்ளியதுதான் காரணம், கட்டுமானத்தைக் குறை சொல்லக்கூடாது என்று ஒரு வாதம் எழுந்தது. மணல் எடுத்தால் படுகை தாழும், அடித்தளம் வெளித்தெரியும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் 1840-களில் காவிரியில் மணல் அள்ளும் எந்திரமும் இல்லை, லாரியும் இல்லை. படுகை அப்போதும் அரிபட்டது. 1934-இல் எழுந்த மேட்டூர் அணை மேலிருந்து வரும் மணலைத் தன் நீர்த்தேக்கத்தில் தேக்கிக்கொள்கிறது. மணல் கணக்கில் இப்படி ஏற்கெனவே பற்று எழுதியிருந்த ஆற்றில்தான் அள்ளுதலும் சேர்ந்தது. கட்டுமானமே வேண்டாம் என்பதும் தவறு: மேலணை இல்லாதிருந்தால் காவிரி தூர்ந்தே போயிருக்கும். எவ்வளவு மணல் வருகிறது, எவ்வளவு போகிறது என்று ஆண்டுதோறும் அளக்காமல் சுவரை மட்டும் கட்டுவதில்தான் கோளாறு. திருச்சியில் புதிய கொள்ளிடப் பாலத்தின் தூண்களை அரிப்பிலிருந்து காக்க ஆற்றில் எழுப்பிய தடுப்புச்சுவரே 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்து போனது.