மகிழுந்தின் பிழைக்குறியீடு: ஒரு வரலாற்று நோக்கு

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்கள் 1950களிலும் 1960களிலும் துண்டாடப்பட்டபோது, லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் வாகனப் பட்டறைகளில் எடுபிடிகளாகச் சேர்ந்தனர். அங்கே ஏடில்லை, காதே கல்வி. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டும், புகையின் நிறத்தைக் கண்டும், ஸ்பார்க் பிளக்கில் படிந்த கரியைத் தேய்த்துப் பார்த்தும் பழுதறிந்தனர். 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் கார்புரேட்டர் வண்டியே ஆதலின், அக்கல்வி அதற்கும் போதுமானதாயிருந்தது.

இன்றோ கையடக்கக் கருவியொன்றைச் செருகினால் ‘பி 0171’ என்றொரு குறி தோன்றுகிறது. இக்குறி பிறந்தது பழுதுபார்ப்போரின் நலன் கருதியன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டத்தால் பிறந்தது. புகைமூட்டம் எத்தகையது என்பதை நம் நாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலறிஞர், வாகனம் முதலியவை கக்கும் வளிகள் வெயிலில் வினைபுரிவதாலேயே அந்நகரத்து மூட்டம் உண்டாகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் காட்டினார். 1967இல் கலிபோர்னியா மாநிலம் காற்றுவள வாரியம் அமைத்தது. அதன் முதல் தலைவரும் அவரே. புகையைக் குறைக்க, எரிபொருளைக் கணினி அளந்து தரும் முறை பரவிற்று. அம்முறை பழுதுற்றால் ஓட்டுநர் அறிவது எவ்வாறு? 1988ஆம் ஆண்டு வண்டிகள் முதல், தம் குறையைத் தாமே உணர்ந்து விளக்கேற்றிக் காட்ட வேண்டுமென வாரியம் விதித்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் அத்தகைய விளக்கு இருந்தது. இரு முனைகளைக் கம்பியால் இணைத்தால் விளக்கு ஒருமுறை மின்னும். சற்று நின்று இருமுறை மின்னும். அது 12. ஆயினும் நிறுவனத்துக்கு நிறுவனம் எண்ணும் வேறு, செருகுவாயும் வேறு. ஆளுக்கோர் அரிச்சுவடி!

1996இல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாப் புது மகிழுந்துகளுக்கும் 16 முனைச் செருகுவாயும் பொதுக்குறியீடும் கட்டாயமாயின. ஐரோப்பா பெட்ரோல் வண்டிகளுக்கு 2001இல் அவ்வழியைப் பின்பற்றிற்று. நம் தஞ்சோங் மாலிமில் உருவாகும் புரோட்டோன் வண்டிகளும் இன்று இவ்வரிச்சுவடியையே பேசுகின்றன. பெருநிறுவனத்தார் வைத்திருந்த திறவுகோல் ஈப்போவின் சிறு பட்டறைக்காரர் கைக்கும் வந்ததையே இவ்வரலாற்றின் தலையாய நிகழ்ச்சியாக யான் கருதுகிறேன்.

ஆனால் எழுத்தறிதல் வேறு, பொருளறிதல் வேறு என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். ‘பி’ என்பது இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் சாரும். அடுத்த 0 பொதுக்குறி. அதன்பின் வரும் 1 காற்று, எரிபொருள் அளவையைச் சுட்டும். முழுக்குறியின் பொருள், கலவையில் எரிபொருள் குறைந்து காற்று மிகுந்துள்ளது என்பதே. இதனைக் கண்டறிவது புகைபோக்கியிலுள்ள ஆக்சிஜன் சென்சர். குறியைக் கண்ட இளைஞன் அந்தச் சென்சரையே மாற்றிவிடுகிறான். வண்டிக்காரரின் பணம் போகிறது, குறை போகவில்லை. செய்தி கொணர்ந்தவனைத் தண்டித்தாற் போன்றது இது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயையும் நோயின் காரணத்தையும் வேறு பிரித்து ஆராயச் சொன்னார். இங்கே காரணம், பெரும்பாலும், வெடித்துப்போன ஒரு ரப்பர்க் குழாய். (நம் பால்மரத்து ரப்பர் அன்று, பெரும்பாலும் செயற்கை ரப்பரே.) நுழைவாயிலில் காற்றை அளக்கும் வண்டிகளில், வெடிப்பின் வழியே புகும் காற்று கணக்கில் சேர்வதில்லை. கணினி எரிபொருளைக் கூட்டிக்கூட்டிப் பார்த்து, எல்லை கடந்ததும் விளக்கேற்றுகிறது. அவ்வெடிப்பைக் கருவி காட்டாது. இயந்திரத்தை ஓடவிட்டுக் குனிந்து கேட்டால் மெல்லிய சீறல் கேட்கும். அதைக் கேட்கத் தோட்டத்துப் பிள்ளைகள் பழகிய அதே காது வேண்டும்.

குறையைத் தேடாது குறியை மட்டும் அழித்துக் கூலி பெறுவோரும் உளர். கருவியின் பொத்தானொன்றை அழுத்தினால் விளக்கு அணையும். குழாய் வெடித்தபடியே இருந்தால், சில நாள் ஓட்டத்திற்குப் பின் அது மீண்டும் எரியும்.