ராமசாமிக்கு இரண்டு, கோபாலனுக்கு ஒன்று

1936 ஆகஸ்ட் 15. பெர்லினில் தியான்சந்தின் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தி ஒலிம்பிக் தங்கம் வென்றது. அதே நாளில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துடன் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. கோட்டா ராமசாமி அதில் ஆடினார். எம்.ஜே. கோபாலன் இரண்டிலும் இல்லை. பெர்லினை விட்டுவிட்டுக் கிரிக்கெட் சுற்றுப்பயணத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தத் தொடரில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

இருவரும் சென்னை மைதானங்களில் ஆடியவர்கள். இரண்டு ஆட்டங்களில் நாட்டின் சார்பில் களம் கண்டவர்கள். ஒற்றுமை அவ்வளவுதான்.

ராமசாமி சென்னைக் கிரிக்கெட்டுக்கு வித்திட்ட புச்சிபாபு நாயுடுவின் மகன். மட்டையும் பந்தும் புழங்கிய வீட்டில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். பதினான்கு ஆண்டு கழித்து, நாற்பது வயதில், ஓல்டு டிராஃபோர்டில் முதல் டெஸ்ட்: 40, 60. இரண்டே டெஸ்ட், சராசரி 56.66. அவருடைய டென்னிஸும் கிரிக்கெட்டும் ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கிடவே இல்லை.

கோபாலன் செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்துக்காரர். அவருடைய வேகப்பந்தைக் கண்டுகொண்ட, சென்னையில் கிரிக்கெட் ஆடிய ஆங்கிலேயர் சி.பி. ஜான்ஸ்டன்தான் பர்மா ஷெல்லில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் அவருடைய ஒரே டெஸ்ட். அந்த நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர். 1935-இல் தியான்சந்துடன் நியூசிலாந்துக்கு ஹாக்கி ஆடப் போனார். அடுத்த ஆண்டு இரண்டு அழைப்பும் ஒரே கோடையில் வந்து நின்றன. அவர் தவறாகத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டிலும் தேர்ந்த ஒருவரை ஒன்றை வெட்டி எறியச் சொன்ன நிலைமைதான் கொடுமை.

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் தோர்ப்புக்கு இதைவிடப் பெரிய அடி. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் வென்ற இரண்டு தங்கங்களும், முன்பு கூலி வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்பதற்காக மறு ஆண்டே பறிக்கப்பட்டன. கையில் காசில்லாதவன் இரண்டு ஆட்டம் ஆடினால் எங்கேயோ ஒரு விலை கொடுக்கிறான்.

இன்றும் எங்கள் போச்சம்பள்ளிப் பக்கம் பொங்கல் போட்டிகளில் கபடிக்கு இறங்கும் பையனே டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டிலும் முதல் ஓவர் போடுவான். பாடிப்போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வருவான். மூச்சு வாங்குவதற்குள் எதிரணி ஆள் உள்ளே வந்துவிட, பக்கத்து ஆளின் கையைக் கோத்துக்கொண்டு பிடிக்க நிற்பான். இரவு சிப்காட் தொழிற்சாலையில் ஷிஃப்ட். ஷிஃப்ட் மாறினால் அந்த வார ஆட்டம் போச்சு. இவனுக்குப் பக்கத்தில் இருப்பது கோபாலனின் வாழ்க்கைதான், ராமசாமியுடையது அல்ல. ஆனால் கோபாலனுக்கு ஒரு ஜான்ஸ்டன் இருந்தார். இத்தனை தொழிற்சாலைகள் வந்துவிட்ட இந்த வட்டாரத்தில், ஆட்டத்தைப் பார்த்து வேலை கொடுக்கவும், போட்டிக்கு விடுப்பு கொடுக்கவும் ஆள் வேண்டும்.