குழாய்க்குள் ஒரு ஊசி

ஊசி எண்டாலே எனக்குச் சின்ன வயசில இருந்து பயம். யப்பானிய அக்குபங்சரில தோலைத் துளைக்காமலே ஊசி வைக்கிற முறையும் இருக்கு எண்டு வாசிச்சபோது முதலில நம்பேல்லை. இது எங்க இருந்து வந்தது எண்டு தேடிப் போனால், கதை 17ஆம் நூற்றாண்டில் பார்வையற்ற ஒரு மனிதரிடம் போய் நிக்குது.

சுகியாமா வாஇச்சி 1610இல் இசே மாகாணத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. அந்தக் காலத்தில் பார்வையற்றவர்களுக்கு இருந்த தொழில்கள் சிலதான்: வாத்தியம் வாசிக்கலாம், உடம்பு பிடித்துவிடலாம், ஊசி வைத்தியம் செய்யலாம். வாஇச்சி எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குப் போய் ஒரு குருவிடம் சேர்ந்தார். மறதிக்காரன், கை வராது எண்டு குரு துரத்திவிட்டார்.

மனமுடைஞ்சு எனோஷிமா தீவுக் குகையில் பென்சைத்தென் தெய்வத்திடம் விரதம் இருந்தாராம். (பென்சைத்தென் வேற யாருமில்லை, பௌத்தத்தோட சீனா வழியா யப்பான் போன எங்கட சரஸ்வதிதான்.) வெளியில வரேக்க கல்லில தடுக்கி விழ, கையில ஏதோ குத்திச்சுதாம். தடவிப் பார்த்தால், ஒரு குழலுக்குள் பைன் மர இலை ஊசி. நம்பிறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஆனா அவரோட பேரில் நிலைச்ச அந்தக் குழாய் உண்மை.

ஊசியை விடக் கொஞ்சம் கட்டையான குழாய். அதைத் தோலில் வைச்சு அழுத்தி, மேல நீட்டிக்கொண்டு நிக்கிற ஊசித் தலையை விரலால மெல்லத் தட்டவேணும். குழாயின் அழுத்தம் குத்துற வலியை மறைச்சுவிடும். மெல்லிய ஊசி வளையாமல் உள்ள போகும். இடத்தைக் கண்டுபிடிக்கிறது விரல்தான், கண் தேவையில்லை. யப்பானிய ஊசி இண்டைக்கும் 0.16, 0.20 மில்லிமீற்றர் தடிப்பில மெல்லிசா இருக்கிறதுக்கு இந்தக் குழாய் ஒரு பெரிய காரணம்.

பிறகு வாஇச்சி ஷோகன் சுனயோஷிக்கே வைத்தியம் பார்த்தார். என்ன வேணும் எண்டு ஷோகன் கேட்க, "ஒரு கண்" எண்டாராம். கிடைச்சது "ஒற்றைக் கண்" எண்டும் பொருள்படுற ஹிதோத்சுமே எண்ட இடத்தில் நிலம்! பகிடியோ கருணையோ தெரியேல்லை. ஆனா 1694இல் இறக்க முதல், பார்வையற்றவர்களுக்கு ஊசி வைத்தியம் படிப்பிக்கிற பள்ளியை அவர் நடத்தினார். பார்வையற்றோர் கல்வி எண்டால் நாங்கள் 1785இல் பாரிஸில் இருந்து தொடங்கிறம். இது அதுக்கு நூறு வருசம் முந்தினது.

1874இல் மெய்ஜி அரசு மேற்கத்திய வைத்தியத்தை அதிகாரபூர்வ வைத்தியமாக்கினது. ஊசிக்காரர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டினம். 1947இல் இன்னும் மோசம். ஆக்கிரமிப்புப் படையின் தலைமையகம், சுகாதாரமில்லை எண்டு அக்குபங்சரைத் தடைசெய்யச் சொன்னது. பார்வையற்றவர்களுக்கு அது வயிற்றில அடி. அவையும் சேர்ந்து எதிர்த்தினம். அந்த வருச முடிவில் தடைக்குப் பதிலாக அனுமதிப்பத்திரச் சட்டம் வந்தது.

நான் முதலில சொன்ன துளைக்காத ஊசியும் இந்த வழியில் வந்ததுதான். பார்வையற்றவரான ஃபுகுஷிமா கோதோ 1959இல் தொடங்கின தோயோஹாரி சங்கத்தில் ஊசி தோலைத் தொட்டால் போதும். பயிற்சிதான் எனக்குப் பிடிச்சது. ஒருவர் ஊசி வைக்க, மற்றவை நாடியைப் பிடிச்சு "இப்ப சரி, இப்ப பிழை" எண்டு உடனுக்குடன் சொல்லுவினம். புத்தகத்தால வராத படிப்பு. நாடி மாறுறதை அறிவியல் ஒத்துக்கொள்ளுமா எண்டது வேற வழக்கு, அதில எனக்கும் சந்தேகம் இருக்கு.

உடம்பு பிடிக்கிற தொழிலுக்கு இண்டைக்கும் ஒரு வேலி இருக்கு. பார்வையுள்ளவர்களுக்கான புதிய பயிற்சிநெறிகளுக்கு அனுமதி மறுக்க 1964இல் சட்டத்தில் இடம் வைச்சினம். அது அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு 2022இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அக்குபங்சருக்கு அந்த வேலி இல்லை. வாஇச்சியின் குழாயை இண்டைக்குப் பிடிக்கிற கைகளில் பெரும்பாலானவை பார்வையுள்ளவர்களின் கைகள்.