கடலோரத்துச் சேதியும் நம் காட்டு மழையும்



பங்குனி பிறந்துவிட்டால், தம்மம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் என்னை நிறுத்திக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், வட கடலோர மாவட்டத்துல மழை குறைச்சல்னு ரேடியோவுல சொன்னாங்களே, அதுல நம்ம ஊரு சேர்த்திங்களா? இந்தக் கோடைக்கு மழை உண்டா, இல்லீங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பருவத்துக்கு முன்பே மழையைக் கணித்துச் சொல்லும் வழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தானாக விளங்கும்.

இந்தக் கதை நம் மாவட்டத்தின் வயிற்றெரிச்சலில் தொடங்குகிறது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய பஞ்சம் அது. மழை பொய்த்தது ஒரு பக்கம். ரயிலிலும் கப்பலிலும் தானியம் வெளியே போய்க்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். 1871ஆம் வருஷக் குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அப்போது அதில் சேர்ந்தவை. 1881இல் எண்ணிப் பார்த்தால் 16 லட்சம் பேர்தான். பலர் செத்தார்கள், பலர் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனார்கள்.

பஞ்சத்துக்கு ஒரு வருஷம் முன்னால், 1875இல், இந்திய வானிலைத் துறை ஏற்பட்டிருந்தது. அதன் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். 'மழை பொய்க்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாதா?' என்று அரசாங்கம் அவரைக் கேட்டது. இமயமலையில் பனி அதிகம் விழுந்த வருஷத்தில் தென்மேற்குப் பருவமழை குறைகிறது என்று அவர் கண்டார். 1882 முதல் சில வருஷம் சோதனையாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, 1886 ஜூன் மாதம் முதல் முறையான அறிவிப்பை வெளியிட்டார்கள்.

பின்னாளில், 1904இல் வந்தவர் கில்பர்ட் வாக்கர். அவர் கணித மேதை. உலகத்தின் பல ஊர்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகிய கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்டார். பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்துமாக் கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. நம் கிணற்று ஏற்றம் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வதைப் போலத்தான். இன்று எல்லாரும் பேசுகிற எல் நினோ இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தது. இன்னொன்றும் வாக்கருக்குப் புரிந்தது. நாடு முழுவதற்கும் ஒரே கணக்கு உதவாது. ஆகவே நாட்டைப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கணித்தார்.

1945 முதல் விவசாயிகளுக்கான வானிலை அறிவிப்பு வானொலியில் வரத் தொடங்கியது. 1960களில் வானொலியைக் கேட்டு நம் விவசாயிகள் ஏ.டி.டீ. 27 ரகத்தைப் பரப்பி, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். அவ்வளவு நம்பிக்கை!

ஆனால் கணிப்பு தவறியதும் உண்டு. எல் நினோ வந்தால் பஞ்சம்தான் என்று பயந்த 1997இல் நாட்டில் பருவமழை சராசரியாகவே பெய்தது. 2002இல் சராசரிக்கு 101 சதவீதம் மழை என்று அறிவித்தார்கள். பெய்தது 81 சதவீதம். அதன் பிறகு கணக்கு முறையையே மாற்றினார்கள். 2021 முதல் பல கணினிக் கணிப்புகளைச் சேர்த்துப் பார்த்து, பகுதிவாரியாக 'வாய்ப்பு இவ்வளவு' என்று சொல்லுகிறார்கள்.

இந்த 'வாய்ப்பு' என்ற சொல்லைத்தான் நாம் கவனிக்க வேண்டும். குறைவு, சராசரி, அதிகம் என்று மழையை மூன்று கூறு போடுகிறார்கள். அதிக மழைக்கு நூற்றுக்கு 45 வாய்ப்பு என்றால், மீதி 55 வாய்ப்பு வேறு பக்கம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு, கோடைமழை அதிகம் என்ற அறிவிப்பைக் கேட்டு, ஒரு கூட்டத்தில் அதை அப்படியே சொல்லிவிட்டேன். முதல் மழையிலேயே சிலர் மானாவாரியில் கடலை விதைத்துவிட்டார்கள். முளைத்த பிறகு ஒரு மாதத்துக்கு மேல் சொட்டு மழை இல்லை. கருகிப்போனது. அப்புறம் வைகாசியில் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தது. பருவம் முடிந்து கூட்டிப் பார்த்தால், மழை சராசரிக்கு மேல்தான்! கணிப்பு பொய்க்கவில்லை, விதை போய்விட்டது. மூன்று மாத மொத்த மழையைச் சொல்லும் அறிவிப்பு, எந்த வாரம் பெய்யும் என்று சொல்வதில்லை. அதை அன்றைக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி, கடலோரக் கேள்விக்கு வருவோம். வானிலைத் துறை நாட்டை 36 பகுதிகளாகப் பிரித்திருக்கிறது. அதில் தமிழகமும் புதுவையும் காரைக்காலும் சேர்ந்து ஒரே பகுதி. அவ்வளவு பெரிய பரப்பின் சராசரி, உங்கள் காட்டுக்கு அப்படியே பொருந்தாது. வட கடலோரம் என்றால் சென்னை, செங்கல்பட்டு, கடலூர் போன்ற மாவட்டங்கள். அங்கே வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை, கோடைமழை சொற்பம். நமக்கு அப்படியல்ல. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் உண்டு. கோடையில் இடிமழையும் உண்டு. பகல் முழுவதும் நிலம் காய்ந்து, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கொல்லிமலை, பச்சைமலைச் சரிவுகளில் மேலெழும்பி, மாலையில் இடியோடு கொட்டுகிறது. ஒரு ஊரில் கொட்டும். பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். சுவேத நதியின் இந்தக் கரையில் நனைந்து அந்தக் கரையில் காய்ந்ததைப் பார்த்திருப்பீர்களே! ஆகவே, கடலோரத்துக்கு 'வறண்ட வானிலை' என்றால் நமக்கும் மழை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே மழை என்றால் விதைக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்?

பருவக் கணிப்பைக் கேட்டுப் பெரிய திட்டம் போடுங்கள். மழை குறையலாம் என்றால், கிணற்றுத் தண்ணீருக்குத் தக்கபடி மஞ்சள் பரப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் விதைக்கிற நாளை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மாவட்டவாரியாக வரும் வேளாண் வானிலை அறிவிப்பைப் பாருங்கள்.

கோடைமழை பெய்த ஈரத்தில் முதலில் உழவு போடுங்கள். சரிவுக்குக் குறுக்கே உழுதால் அடுத்த மழை மண்ணுக்குள் இறங்கும். மண்ணில் கிடக்கும் சிவப்புக் கம்பளிப் புழுவின் கூடுகள் மேலே வந்து, வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். ஒரே மழையை நம்பி எல்லா விதையையும் மண்ணில் போடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் மழையை நீங்களே அளந்து எழுதி வையுங்கள். அடி தட்டையான, பக்கம் நேரான ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, அளவுகோலால் அளந்தால் போதும். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர்! பத்து வருஷம் எழுதினால், உங்கள் காட்டின் மழை போக்கு உங்கள் கையில் இருக்கும். பிளான்ஃபோர்டும் வாக்கரும் இப்படிச் சேர்ந்த கணக்குகளை வைத்துத்தான் கணித்தார்கள்.

தாது வருஷத்தில் நம் முன்னோருக்கு முன்னறிவிப்புச் சொல்ல ஆளில்லை. நமக்கு இருக்கிறது. அதைக் கேட்போம், கூடவே நம் காட்டையும் பார்த்து முடிவெடுப்போம்.