தர்மாஸ்பத்திரியும் மலைக்காற்றும்

கொடைக்கானல் வரலாறு எழுதுகிறவர்கள் 1845இலிருந்து தொடங்குவார்கள். மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் கீழ்நாட்டுக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பெண்டாட்டி பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதன்பிறகுதான் பழனி மலையில் ஏழாயிரம் அடி உயரத்துக்கு வந்து இரண்டு பங்களா போட்டார்கள். அவர்கள் தேடி வந்தது காற்று. அந்தக் காற்றுக்காக அவர்களைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களைக் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டு வரலாறு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

முதல் உலகப்போர்க் காலத்தில் மோட்டார் ரோடு வரும்வரை மலையேற வழி ஒன்றுதான். அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்துத் தோப்புக்கு வந்து, அங்கிருந்து டோலியிலோ நாற்காலியிலோ உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து, செங்குத்தான பாதையில் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பியானோவும் கட்டிலும் சட்டிபானையும் தலைச்சுமையாகவே ஏறின. 'கூலி காட்' என்றே அந்தப் பாதைக்குப் பெயர். நல்ல காற்றை ஒருத்தர் நெஞ்சில் ஏற்ற இன்னொருத்தர் நெஞ்சு எவ்வளவு மூச்சு வாங்கியது என்பதை யாரும் கணக்கு வைக்கவில்லை. 1895இல் கொடைக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் சேசு சபையார் திருஇருதயக் கல்லூரி கட்டினார்கள். பூச்சி, பறவை, பாம்பு, ஆர்க்கிட் செடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்த அருங்காட்சியகமும் அங்கே வளர்ந்தது. மலையில் முளைத்ததற்கெல்லாம் லத்தீன் பெயர் உண்டு. மலைக்குச் சுமந்தவர்களுக்குத் தமிழ்ப் பெயர்கூட எஞ்சவில்லை.

காசநோய்க் கதையைச் சொல்ல வந்துவிட்டு மலைக் கதையை ஏன் இழுக்கிறேன் என்றால், இந்த நாட்டில் காசநோய்க்கு நடந்த தருமம் முழுவதும் இந்த மலைக்காற்று நம்பிக்கையின் மேல்தான் கட்டப்பட்டது. 1882இல் ராபர்ட் காக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்ல மருந்து வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரைக்கும் வைத்தியம் என்பது சுத்தமான காற்று, பால், முட்டை, கறி, மாதக்கணக்கில் படுக்கை. ஐரோப்பாவில் மலைமேல் சானடோரியம் கட்டி வைத்துச் செய்தது இதைத்தான். இப்போது இந்த மருந்துச் சீட்டை நம்ம ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். சுத்தமான காற்றாம். சேரியிலிருந்து ஊர்ப் பக்கம் காற்று அடிக்கக் கூடாது என்று திசை பார்த்து ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் நாம். நம் மேல் பட்ட காற்றே தீட்டு என்றவர்களின் நாட்டில், நல்ல காற்று வாங்கினால் பிழைப்பாய் என்றது வைத்தியம். அப்புறம் படுக்கை. ஒரு நாள் படுத்தால் அன்று அடுப்பு எரியாது.

தென்னாட்டில் இந்த வேலையை முதலில் பெரிய அளவில் தொடங்கியவர்கள் மிஷன்காரர்கள். பல புராட்டஸ்டண்ட் மிஷன்கள் ஒன்று சேர்ந்து, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் 1915இல் ஒரு சானடோரியம் திறந்தன. ஆரோக்கியவரம் என்று பெயர். டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமட்-மொல்லர் அதை வளர்த்தெடுத்தார். பிற்காலத்தில் அங்கே நடந்த கிராம ஆய்வுகள் இந்தியக் காசநோய் ஆராய்ச்சிக்கே அடித்தளம் போட்டன. இதை மறுப்பதற்கில்லை.

தாம்பரம் கதை வேறு. சௌரிமுத்து என்ற தமிழ் டாக்டர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் சொந்தமாகச் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917இல் நோயாளியாகப் போனது அவரிடம்தான். (ராமானுஜனுக்கு வந்தது காசநோயே அல்ல, ஈரலைப் பிடித்த அமீபா என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் எழுதினார். வெள்ளைக்கார டாக்டர்களும் கண்ணை மூடிக்கொண்டு டிபி என்று எழுதிய காலம் அது.) சௌரிமுத்து ஊர் திரும்பி 1928இல் தாம்பரத்தில் பன்னிரண்டு படுக்கைகளோடு சானடோரியம் தொடங்கினார். 1937இல் அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் ரயில் நிலையத்தின் பெயர் சானடோரியம்தான். 'சானடோரியத்துல எறங்கிக்கோ' என்று சாதாரணமாகச் சொல்லுகிறோம். ஒரு காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பெண் கொடுக்க மாட்டார்கள்.

பன்னிரண்டு படுக்கையில் படுத்தவர்கள் யார் என்று கேட்கத்தான் வேண்டும். தாம்பரம் திறப்பதற்கு நாலு வருஷம் முன்னால், 1924இல்தான், பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் பஞ்சமருக்கு உரிமை உண்டு என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானமே வந்தது. தீர்மானம் வந்ததால் கிணறு திறந்துவிடவில்லை என்பது நமக்குத் தெரியும். ரோட்டில் நடக்கவே சட்டசபை கூட வேண்டியிருந்தவர்களுக்கு, பாலும் முட்டையும் கிடைக்கிற படுக்கை எத்தனை தூரத்தில் இருந்திருக்கும்?

பிறகு ராஜா பெயரில் ஒரு தருமம் வந்தது. வைஸ்ராய் லின்லித்கோவின் மனைவி 1937இல் மன்னர் பெயரால் காசநோய் ஒழிப்பு நிதி ஒன்றைத் திரட்டினார். சமஸ்தானங்கள், ஜமீன்கள், கம்பெனிகள் எல்லாம் அள்ளிக் கொடுத்தன. வைஸ்ராய் சீமாட்டி கேட்டால் யார் இல்லை என்பார்கள்? அந்த நிதியிலிருந்து 1939இல் இந்தியக் காசநோய்ச் சங்கம் பிறந்தது. மாகாணங்களில் அதன் கிளைச் சங்கங்கள் வந்தன. நமது வட்டாரத்துக் காசநோய்ச் சங்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. சங்கம் கிளினிக் நடத்தியது, டாக்டர்களுக்கும் சுகாதாரப் பார்வையாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தது, மாநாடு கூட்டியது. 1950 முதல் காந்தி பிறந்தநாளில் டிபி ஸ்டாம்பு விற்கத் தொடங்கியது. டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்ற தபால் குமாஸ்தா 1904இல் தொடங்கிய யோசனை அது. இரட்டைக் குறுக்குக் கம்பு போட்ட சிவப்புச் சிலுவைதான் அடையாளம். பள்ளிக்கூடத்தில் அந்த ஸ்டாம்பை வாங்காதவர்கள் நம்மில் குறைவு. வாத்தியார் நீட்டும்போது காசு இல்லாமல் தலை குனிந்து நின்றவர்களும் உண்டு. எங்கள் தெருவில் அப்படி நின்ற பிள்ளைகளில் சிலருடைய அப்பன்மார் வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டிருந்தார்கள். யாருக்காக உண்டியல் குலுக்கினார்களோ அவர்கள் வீட்டுப் பிள்ளையிடமே குலுக்கினார்கள்.

இந்தத் தருமம் எல்லாம் எந்த அளவு? 1946இல் போர் கமிட்டி அறிக்கை கணக்குச் சொன்னது. நாட்டில் நோயாளிகள் சுமார் 25 லட்சம். வருஷத்துக்குச் சாவு 5 லட்சம். படுக்கைகள் சுமார் 6,000. நானூறு பேருக்கு ஒரு படுக்கை. தருமம் என்பது இந்த நானூறு பேரிலிருந்து ஒருவனைப் பொறுக்குகிற அதிகாரம். சிபாரிசுக் கடிதம், தெரிந்த டாக்டர், போய்வர ரயில் காசு, வீட்டைக் கவனிக்க ஆள். இவையெல்லாம் யாரிடம் இருந்ததோ அவனுக்குத்தான் கட்டில். மிச்சம் 399 பேர் அழுக்கிலும் நெரிசலிலும் கிடக்கிறார்கள், அறியாமையில் இருக்கிறார்கள், அவர்களை வீட்டில் வைத்துக் குணப்படுத்த முடியாது என்றே படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பேச்சை உடைத்தது சென்னைக் குடிசைவாசிகள். நமது வரலாற்றில் பெருமையாக எழுதப்பட வேண்டிய இந்தச் செய்தி ஆங்கில மருத்துவப் பத்திரிகைகளிலேயே தங்கிவிட்டது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நாலும் சேர்ந்தது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி சானடோரியத்துக்கு. நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். மறு பகுதி அவரவர் குடிசையிலேயே. அதே கஞ்சி, அதே நெரிசல், உடம்பு கொஞ்சம் தேறினதும் வேலை. இரண்டு பகுதிக்கும் ஐசோநயசிட், பாஸ் என்ற ஒரே மருந்துகள், ஒரு வருஷம்.

1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை கூடுதலாக ஏறினார்கள். ஆனால் நோய் குணமானது இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். அதோடு போகவில்லை. நோயாளியோடு ஒரே அறையில் படுத்து எழுந்த குடும்பத்தாரையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து தொடங்கிய நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்ததால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. மலைக்காற்றின் நூறு வருஷ மகிமை சேத்துப்பட்டில் முடிந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த 193 பேருக்குப் பங்கு உண்டு.

குடும்பத்தாரைப் பற்றிய அந்தக் கண்டுபிடிப்பை நாம் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். டிபி வந்தவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் படுக்கை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவனை எதிர்த்துப் போராடுகிற நாமே, வீட்டில் இருமுகிற மனுஷிக்கு தனி டம்ளர் வைக்கிறோம். இந்த நோய் இருமல் காற்றில் பரவுவது, டம்ளரில் அல்ல. மருந்து ஒழுங்காக உள்ளே போனால் சீக்கிரமே பரவுவதும் அடங்கிவிடும். எங்கள் சொந்தத்தில் ஒரு அத்தை மருந்து முழுசும் தின்று, குணமாகி, அப்புறம் பதினைந்து வருஷம் அந்த நசுங்கின அலுமினியத் தட்டிலேயே சாப்பிட்டது. யாரும் எடுத்து ஒளித்து வைக்கவில்லை, அதுவும் கேட்கவில்லை.

அறியாமைக் கதைக்கும் ஒரு பதில் வந்தது. 1955–58 கணக்கெடுப்பில், நகரத்து நோய் என்று நினைத்த காசம் கிராமத்திலும் அதே அளவு இருப்பது தெரிந்தது. பிறகு பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் வந்தது. அங்கிருந்து தும்கூர் மாவட்டக் கிராமங்களுக்குப் போன டி. பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963இல் எழுதியது இது: நோய்க்குறி உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்து ஒரு பாட்டில். ஜனங்கள் வரவில்லை என்பது பொய். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தர்மாஸ்பத்திரி வாசலில் நின்று பழகினவர்களுக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. 'என்ன தண்ணியா போறது கூட உனக்குத் தெரியல, நெஞ்சுல என்னன்னு எனக்கு எப்படித் தெரியும், போ' என்று பேசப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆனால் சேத்துப்பட்டு முடிவை அதிகாரம் தன் வசதிக்கு வாசித்துக்கொண்டது. மருந்து இருந்தால் சாப்பாடு இல்லாமலும் குணமாகும் என்பது கண்டுபிடிப்பு. சாப்பாடு கொடுக்கத் தேவையில்லை என்பது அதிகாரம் போட்ட பொழிப்புரை. ஏழை பசியோடு பிழைத்துக் காட்டினான். அதனால் பசி பிரச்சினை இல்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். நோய் வந்தவனைக் குணப்படுத்துவது ஒன்று. நோய் ஏன் அந்தத் தெருவையே தேடி வருகிறது என்பது வேறு. இந்த இரண்டாவது கேள்விக்கு அறுபது வருஷம் கழித்துத்தான் சோதனை நடந்தது. ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கிய ஆய்வு அது. நோயாளிக்கு உணவு கொடுத்ததோடு, அவர் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். 2023இல் முடிவு: அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்தான்.

2018இலிருந்து நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் என்று போட்டு, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ஆக்கியிருக்கிறார்கள். அது உரிமையாக வருகிற பணம்; தாமதமாக வந்தாலும் கேட்டு வாங்கலாம். ஆனால் உணவுப் பொட்டலத்துக்கு 2022இல் பழைய வழியையே திறந்திருக்கிறார்கள். 'நிக்ஷய் மித்ரா' என்று பெயர். கம்பெனியோ கட்சிக்காரரோ தனவந்தரோ நோயாளியைத் 'தத்து' எடுத்து மாதாமாதம் கூடை கொடுப்பார். லின்லித்கோ சீமாட்டிக்கு அன்றைக்கு இது நன்றாகப் புரிந்திருக்கும். கூடை வாங்கப் போகிற இடத்தில் மேடை, பேனர், போட்டோ. நோயை ஊருக்கு மறைத்து வைத்திருக்கிற பெண்பிள்ளை அந்தப் போட்டோவில் நிற்க வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் சோறு வேண்டும் என்று ஜார்க்கண்ட் காட்டிவிட்டது. ரூபாய் நோயாளி பெயருக்கு மட்டும் வருகிறது. மற்றவர்களுக்குக் கூடை, கொடுக்கிறவர் மனசு வைத்தால் கிடைக்கும்.