முகப்பும் வரிசையும்

தமிழில் முகம் என்ற சொல்லின் ஆட்சி பெரிது. ஆறு கடலில் கலக்குமிடம் முகத்துவாரம். வீட்டின் முன்பகுதி முகப்பு. நூலின் தொடக்கம் நூன்முகம். பாயிரத்துக்கு நன்னூலார் அடுக்கிச் செல்லும் பெயர்களுள் முகவுரையும் நூன்முகமும் அடக்கம். ஒன்றை அறிய வேண்டுமாயின் முதலில் அதற்கு நேரே சென்று நிற்க வேண்டும் என்ற எண்ணம் இச்சொற்களுக்குள் கிடப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. புகைப்பட வரலாற்றில் இந்த எண்ணத்தையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்கள் சிலர் உண்டு. கடை வாசல், மரத்தின் வேர், சுருண்ட பெரணி இலை, சுண்ணாம்புக் காளவாய், ரொட்டி சுடுபவர் என எதை எடுத்தாலும் அதன் முன்னால் நேராக நின்று எடுத்தவர்கள். சாய்கோணம் இல்லை, நிழல் விளையாட்டு இல்லை, திடுக்கிட வைக்கும் கணம் இல்லை. இவற்றை முதன்முதலாகப் பார்ப்பவர் “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்பது இயல்பு. ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. இவ்வகைப் படத்தின் பொருள் அதற்குள் பாதியும், அது எந்த வரிசையில் வைக்கப்படுகிறது என்பதில் மீதிப் பாதியும் இருக்கிறது என்பதே நாம் இங்கே சொல்ல முற்படுவது.

நேரே நிற்பது எளிது என்று எண்ணிவிட வேண்டாம். உயர்ந்த கட்டடம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்தவர்கள் அறிவார்கள்: உச்சியும் படத்துக்குள் வரவேண்டும் என்று கருவியை மேல்நோக்கிச் சாய்த்த மாத்திரத்தில், சுவர்கள் மேலே ஒன்றையொன்று நெருங்கிக் கட்டடமே பின்பக்கம் மல்லாந்துவிடும். பழைய பெரிய மரக் கேமராக்களில் இதற்கு மாற்று இருந்தது. கண்ணாடித் தகடு இருக்கும் பின்பகுதியைச் செங்குத்தாக வைத்துவிட்டு, முன்னால் லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் மேலே நகர்த்தலாம். சுவர்கள் நிமிர்ந்தே நிற்கும். ஆனால் லென்ஸ் வீசும் ஒளிவட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. பலகையை அளவுக்கு மேல் உயர்த்தினால் படத்தின் மேல் மூலைகள் இருண்டு போகும். எழேன் அட்ஜே எடுத்த பாரிஸ் படங்கள் பலவற்றின் மேல் மூலைகளில் இப்படி ஒரு கருமை வளைந்து கவிந்திருக்கிறது. மூலை இருண்டாலும் சுவர் சாயக்கூடாது என்பது அவருடைய முடிவு.

அட்ஜேவுக்கு வருமுன் நம்மூரில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி 1858ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். எழுத்தைப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் படிக்க முடியாது. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் சுவருக்கு நேரே நின்றார். எடுத்தபின் சற்று நகர்ந்தார். மறுபடியும் நேரே நின்றார். அப்படிக் கிடைத்த 21 படங்களையும் ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஒரு படத்தைத் தனியே பார்த்தால் பாதியில் அறுந்த வரிகள்தாம் கிடைக்கும். ஒட்டிய பின்பே அது வாசகம். தஞ்சைக் கல்வெட்டுகளை ஹூல்ட்ஷ் பதிப்பிக்கத் தொடங்கியது இதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 1890களில். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் புகைப்பட வேலையை வீண் ஆடம்பரம் என்று கருதியதால் டிரைப்பின் பணி நின்றுபோனது. சிக்கனத்தின் பெயரால் நாம் இழந்தவற்றின் பட்டியல் நீளமானது. இதையும் அதில் சேர்க்க வேண்டும்.

சுவருக்கு நேரே நிற்பதும் மனிதருக்கு நேரே நிற்பதும் ஒன்றல்ல. 1868க்கும் 1875க்கும் இடையில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் அரசுத் தொகுப்பு, மனிதர்களைச் சாதி வாரியாகவும் குல வாரியாகவும் நிறுத்திக் காட்டியது. 1880களில் பாரிஸ் காவல் துறையின் அல்போன்ஸ் பெர்த்தியோன், கைதானவரை ஒரே தொலைவில், ஒரே ஒளியில், முன்பக்கம் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். நேர்நோக்கு என்பது அதிகாரத்தின் பார்வையாகவும் இருக்கக் கூடும் என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. குடும்ப அட்டைக்குப் படமெடுக்கும்போது “சிரிக்காதீங்க, நேரே பாருங்க” என்று சொல்லப்பட்ட எவருக்கும் இது புரியும்.

அதே பாரிஸில், அதே கண்ணாடித் தகட்டைக் கொண்டு வேறொன்று நடந்தது. அட்ஜே 1857இல் பிறந்தவர். கப்பலில் வேலை பார்த்தார், நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார், இரண்டிலும் நிலைக்கவில்லை. ஓவியர்களுக்குப் பார்த்து வரைய உதவும் படங்கள் விற்பனைக்கு உண்டு என்று வாசலில் எழுதிவைத்துக் கொண்டு புகைப்படத் தொழிலில் இறங்கினார். 18க்கு 24 சென்டிமீட்டர் தகடு கொள்ளும் கனத்த கேமராவை முக்காலியோடு தூக்கிக்கொண்டு நகரம் முழுவதும் நடந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹவுஸ்மான் பழைய பாரிஸை இடித்து அகன்ற சாலைகள் போட்டது போக மிஞ்சியிருந்த சந்துகள், கதவுகளின் இரும்புத் தட்டுவளையங்கள், மதுக்கடைப் பலகைகள், படிக்கட்டுகள், பூங்கா மரங்களின் வேர்கள் எல்லாவற்றையும் எடுத்தார். அவரிடம் படம் வாங்கியோரில் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இருந்தன. 1920இல் 2,600க்கும் மேற்பட்ட நெகடிவ்களை அரசுக்கு விற்றார். கலைஞன் என்ற பட்டத்தை அவர் விரும்பவில்லை. மீயதார்த்தக் குழுவினர் 1926இல் தங்கள் இதழின் அட்டையில் அவர் படமொன்றைப் போட முன்வந்தபோது, தன் பெயர் வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று சொன்னதாகக் கூறுவார்கள்.

வெறும் ஆவணம்தானா? அவருடைய கடைமுகப்புப் படங்கள் சிலவற்றை உற்றுப் பாருங்கள். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் கடைக்காரர் நின்று நம்மைப் பார்க்கிறார். அதே கண்ணாடியின் மேல் எதிரே இருக்கும் தெருவும் முக்காலியும் கேமராவும் நிழலாக விழுந்திருக்கின்றன. தன்னை முற்றிலும் விலக்கிக்கொண்டு நேரே நின்றவரை, அப்படி நேரே நின்றதே காட்டிக்கொடுத்து விடுகிறது. சற்றுச் சாய்ந்து நின்றிருந்தால் தப்பியிருப்பார். அவர் நடமாட்டத்தை எடுக்கவில்லை என்பதும் முழு உண்மையன்று. நீண்ட நேரம் ஒளி படிந்ததால் நடந்து சென்றவர்கள் மறைந்தும், தயங்கியவர்கள் புகைபோலத் தங்கியும் இருக்கிறார்கள். நின்றது மட்டுமே நிற்கிறது.

1927இல் பெரெனிஸ் ஆபட் என்ற இளம் அமெரிக்கப் புகைப்படக்காரர் அட்ஜேவைத் தன் நிலையத்துக்கு அழைத்துப் படமெடுத்தார். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பெர்த்தியோனின் முறையேதான், ஆனால் மேலங்கி அணிந்து சற்றே கூனிய அந்தக் கிழவரைக் குற்றவாளியாக எவரும் காணமாட்டார்கள். படங்களைக் காட்டலாம் என்று ஆபட் சென்றபோது அட்ஜே இறந்திருந்தார். அவர் விட்டுச் சென்றவற்றைக் காப்பாற்றி உலகறியச் செய்தவர் ஆபட்தான்.

இயற்கைப் பொருள்களுக்கு வருவோம். கார்ல் பிளாஸ்ஃபெல்ட் பெர்லினில் கைத்தொழிற்கலைப் பள்ளி ஆசிரியர். மாணவர்கள் செடிகளைப் பார்த்து வடிவமைப்புக் கற்க வேண்டும். ஆனால் மொட்டும் தளிரும் வகுப்பில் கைமாறும் அளவுக்குப் பெரியவை அல்ல, வாடியும் போகும். ஆகவே தாமே அமைத்துக்கொண்ட கேமராவில் அவற்றை முப்பது மடங்கு வரை பெரிதாக்கி எடுத்தார். சாம்பல் அல்லது வெள்ளைப் பின்னணி, ஒரே சீரான ஒளி, நேருக்கு நேர். முப்பது ஆண்டுகளாகப் பாடக்கருவியாக மட்டும் இருந்த இப்படங்கள் 1928இல் ‘கலையின் மூலவடிவங்கள்’ என்ற நூலாகி அவரை அறுபது வயதுக்கு மேல் புகழாளராக்கின. குதிரைவால் செடியின் கணுவை நாம் தூண் என்றே நினைப்போம். சுருண்ட பெரணித் தளிர் ஆயரின் கொக்கிக் கோல். வால்டர் பெஞ்சமின் அந்நூலை வியந்து எழுதினார். ஓர் ஐயத்தை இங்கே பதிய வேண்டும். பிளாஸ்ஃபெல்ட் தண்டுகளை நறுக்கி, வேண்டாத இலைகளைக் களைந்து, அமைதி வரும்வரை ஒழுங்குபடுத்தியே எடுத்தார். இயற்கை தானே வந்து இப்படி நேராக நிற்கவில்லை, நிறுத்தப்பட்டது. இதைக் குறையாக நாம் எண்ணவில்லை. செடிக்கு அவர் செய்ததை மனிதர்களுக்குச் செய்தவர்களை நினைக்கும்போதுதான் கலக்கம் வருகிறது.

இவ்வகைப் படங்கள் மீதான மிகக் கூர்மையான தாக்குதல் பெர்டோல்ட் பிரெக்டிடமிருந்து 1931இல் வந்தது. ஒரு க்ரூப் தொழிற்சாலையைப் படமெடுத்து வைப்பதால் அந்த நிறுவனத்தைப் பற்றி ஒன்றுமே தெரிந்துவிடாது என்பது அவர் வாதம். உள்ளே யார் உழைக்கிறார்கள், இலாபம் யாருக்கு என்பதை முகப்பு சொல்லாது. மறுக்க முடியாத வாதம்தான். மறுக்காமலேயே அதற்கொரு விடை, முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஜெர்மனியின் சுரங்கப் பகுதிகளில் உருவாயிற்று.

பெர்ண்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் 1959இல் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள்; 1961இல் மணந்துகொண்டார்கள். மேல்நிலை நீர்த்தொட்டிகள், ஊதுலைகள், சுரங்கத் தூக்குக் கோபுரங்கள், எரிவாயுத் தொட்டிகள், காளவாய்கள். நிழல் விழாத மேகமூட்ட நாளுக்குக் காத்திருந்தார்கள். ஏணியோ சாரமோ வைத்து, எடுக்கும் பொருளின் பாதி உயரத்துக்கு ஏறினார்கள், தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் வியப்பும் படத்தில் சேரக்கூடாது என்று. பின்பு ஒன்பதோ பன்னிரண்டோ பதினைந்தோ படங்களைக் கட்டம் கட்டமாக ஒன்றாக மாட்டினார்கள். ஒரு நீர்த்தொட்டி அலுப்பூட்டும். ஒன்பது நீர்த்தொட்டிகளை ஒருசேரக் கண்டால் கண் தானாகவே ஒப்பிடத் தொடங்கும். இதற்குக் கால் நான்கு, அதற்கு ஆறு. இதன் தலை கூம்பு, அதன் தலை உருண்டை. இந்தப் பொறியாளருக்கு அழகில் ஆசை இருந்திருக்கிறது, அவருக்குக் கணக்கு மட்டும் போதுமாக இருந்திருக்கிறது. வெண்பாக்களை வரிசையாகப் படிக்கும்போது தளை ஒன்றாயிருக்க நடை வேறுபடுவதை உணர்வது போன்றது இது. 1970இல் வந்த அவர்களது நூலின் பெயர் ‘அநாமதேயச் சிற்பங்கள்’. 1990இல் வெனிஸ் பினாலேயில் அவர்களுக்குக் கிடைத்தது சிற்பத்துக்கான பரிசு! டார்ட்மண்டின் சோலர்ன் சுரங்கத்து இயந்திரக் கூடத்தை இடிக்காமல் காக்க எழுந்த முயற்சியிலும் அவர்களுக்குப் பங்குண்டு. 1969இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று. மற்றவற்றுள் பெரும்பாலானவை அந்தப் படங்களில் மட்டுமே நிற்கின்றன.

அமெரிக்காவில் வாக்கர் எவன்ஸ் 1930களில் தென்மாநிலங்களின் மரத் தேவாலயங்களையும் கடைகளையும் குத்தகை உழவர்களையும் இப்படியே எடுத்தார். அட்ஜேயைப் பற்றியும் ஆகஸ்ட் சாண்டரைப் பற்றியும் 1931இலேயே ஒரே கட்டுரையில் எழுதியவர் அவர் என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறோம். சாண்டரைக் கால வரிசைப்படி முன்பே சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தோம்.

சாண்டர் 1876இல் சுரங்க ஊரான ஹெர்டார்ஃபில் பிறந்தவர். உழவர், தச்சர், வழக்கறிஞர், சமையல்காரர், வேலையற்றவர் என்று ஜெர்மன் சமூகம் முழுவதையும் ஏழு பிரிவுகளாகப் படமெடுத்துவிட எண்ணினார். ஒவ்வொருவரும் தம் இடத்தில், தம் உடையில், தாமே தேர்ந்த நிலையில் கேமராவை நோக்குகிறார்கள். பெர்த்தியோனிடம் இல்லாதது இதுதான்: நிற்பவரின் இசைவு. முதற்கட்டமாக 60 படங்கள் 1929இல் ‘காலத்தின் முகம்’ என்று வெளிவந்தன. முன்னுரை எழுதியவர் நாவலாசிரியர் ஆல்ஃபிரட் டோப்ளின். ஆட்சிக்கு வந்த நாஜிகள் 1936இல் அந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே முகம். சாண்டரின் வரிசையில் இருந்ததோ பல முகங்கள்.

1938 வாக்கில் கொலோன் நகரத்து யூதர்கள் சிலர் சாண்டரின் நிலையத்துக்கு வந்தார்கள். அவர்களைப் பிரித்து அடையாளமிட அரசு கட்டாயமாக்கிய அட்டைகளுக்குப் படம் வேண்டியிருந்தது. வெறும் சுவர், நாற்காலி, முகம். எல்லாரும் நேரே பார்ப்பவர்களும் அல்லர். சாண்டர் எடுத்துக் கொடுத்தார், நெகடிவ்களைப் பத்திரப்படுத்தினார். போருக்குப் பின் தம் பெருந்தொகுப்பை மீண்டும் அடுக்கியபோது அவற்றை உள்ளே வைத்தார். அந்த உறையின் தலைப்பு ‘துன்புறுத்தப்பட்டோர்’. அட்டைக்கென எடுக்கப்பட்ட அதே படங்கள்தாம். உழவருக்கும் தச்சருக்கும் வழக்கறிஞருக்கும் பக்கத்தில் வந்தபோது, அரசு வெளியே தள்ளியவர்கள் சமூகத்துக்குள் தங்கள் இடத்தில் திரும்ப வந்து அமர்ந்தார்கள்.

அதற்கு அருகில் இன்னோர் உறை: ‘அரசியல் கைதிகள்’. அவற்றை எடுத்தவர் சாண்டர் அல்லர், அவருடைய மகன் எரிக். இடதுசாரிக் கட்சிப் பணிக்காக 1934இல் கைதாகிப் பத்தாண்டுத் தண்டனை பெற்றவர். ஜீக்பர்க் சிறையில் அவருக்குக் கிடைத்த வேலை சிறைப் புகைப்படக்காரர் வேலை. உடனிருந்த கைதிகளை அவர் எடுத்த படங்கள் மறைவாக வெளியே வந்து தந்தையின் கைக்குச் சேர்ந்தன. எரிக் வெளியே வரவில்லை. தண்டனைக் காலம் முடியும் தறுவாயில், 1944இல் சிறையிலேயே இறந்தார். மகன் அனுப்பியவற்றைத் தந்தை தம் வரிசையில் சேர்த்தார். தொகுப்பு முழுமையாக ஏழு தொகுதிகளில் அச்சேறியது 2002இல்; மொத்தம் 619 படங்கள்.