குடசப்பாலைப் பட்டையும் கல்கத்தா ஆராய்ச்சியும்

வடநாட்டு மருந்துச் சரக்குக் கடையில் 'இந்திரஜவ்' என்று கேட்டால், "கசப்பா, இனிப்பா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பதுண்டு. இக்கேள்வி வேடிக்கையன்று. கசப்பு விதை குடசப்பாலையினுடையது. இனிப்பு எனப்படுவது வெட்பாலையினுடையது. இவ்விரு மரங்களையும் ஒன்றெனக் கொண்டமையால், சீதபேதிக்குக் கைகண்ட மருந்தாயிருந்த ஒரு பட்டை நெடுங்காலம் நற்பெயர் இழந்து கிடந்தது.

குடசத்தை அதிசாரத்துக்கு உரிய மருந்தெனச் சரக சம்ஹிதை கூறுகின்றது. மேற்குக் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் அதனை 'மலபார் மூலிகை' என்றனர். ஐரோப்பிய மருந்து வணிகத்தில் அது 'தலைச்சேரிப் பட்டை' ஆயிற்று. ஆயினும், அப்பெயரால் விற்கப்பட்ட சரக்கில் வெட்பாலைப் பட்டையும் கலந்திருந்தது. அதில் சீதபேதிக்குரிய சத்து இல்லை. மருந்து பலிக்கவில்லையென்று மருத்துவர்கள் கைவிட்டனர். தாவர நூலாரும் 'சீதபேதி தீர்ப்பது' என்னும் பொருள்படும் இலத்தீன் அடைமொழியை வெட்பாலை இனத்துச் செடியொன்றுக்கும் சூட்டி வைத்தனர். ஒரு சொல் இரு பொருளுக்கு நின்றால் விளையும் தொல்லை, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு நன்கு தெரியும்; ஆனால் எங்கள் பிழையால் எவருக்கும் வயிறு கடுப்பதில்லை.

நோயின் பெயரிலும் இதே குழப்பம் இருந்தது. 1875இல் ருஷ்ய மருத்துவர் லோஷ் பேதி நோயாளி ஒருவரிடம் அமீபாவைக் கண்டார். 1897இல் ஜப்பானியரான ஷிகா வேறொரு கிருமியைக் கண்டார். சீதபேதி ஒரு நோயன்று, இரண்டு என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. 1912இல் லெனார்டு ராஜர்ஸ் கல்கத்தாவில் அமீபா பேதிக்கு எமெட்டின் ஊசி போட்டு வெற்றி கண்டார். அம்மருந்து தென் அமெரிக்க வேரிலிருந்து கிடைப்பது; இதயத்தை நலிவிப்பதும்கூட.

1921இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானவர் ராம்நாத் சோப்ரா. உள்நாட்டு மூலிகைகளைச் சோதித்து, ஏழை மக்களுக்கு எட்டும் விலையில் மருந்து காண்பது அவர் நோக்கம். அவரும் அவருடன் உழைத்தோரும் முதலில் மரத்தை ஐயமற அடையாளம் கண்டனர். பிறகு பட்டையின் காரச்சத்துக்களைப் பிரித்தனர். அவற்றுள் முதன்மையானது கொனெசின். ஊசியாகச் செலுத்தினால் வலி மிகுந்தமையால், பிஸ்மத்துடன் கூட்டி உட்கொள்ளும் மருந்தாக்கினர். நோயாளி நலமடைந்ததாகச் சொன்னது மட்டும் போதவில்லை. மலத்தில் அமீபா மறைந்ததா என்று நுண்ணோக்கியில் பார்த்தனர். அமீபா பேதியில் பயன் தெரிந்தது. 1933இல் வெளிவந்த சோப்ராவின் இந்திய மூலிகை நூலில் இம்மரம் சிறப்பிடம் பெற்றது.

ஆயினும் இம்மருந்து நெடுநாள் முன்னணியில் நிற்கவில்லை. தனித்த கொனெசின் சிலருக்கு மனக்கலக்கம் தந்தது. 1960களில் மெட்ரோனிடசோல் வந்து அமீபா சிகிச்சையைக் கைப்பற்றிற்று. தண்ணீராய்ப் போகும் பேதியிலோ உயிரைக் குடிப்பது நீரிழப்பு. 1971இல் வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் திலீப் மஹாலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரால் பல உயிர்களைக் காத்தார். எந்தப் பட்டையும் அந்நீருக்கு ஈடாகாது.

மரங்களைப் பிரித்தறிய விரும்புவோர் காய்களை நோக்கலாம். இரண்டிலும் நீண்ட காய்கள் இரட்டையாய்த் தொங்கும். வெட்பாலையில் அவை முற்றும் வரை நுனியில் ஒட்டியிருக்கும். குடசப்பாலையில் தனித்தனியே நிற்கும். மைசூர்ப் பக்கம் வாழ்வோர் வெட்பாலையைக் கையாலேயே தொட்டிருப்பர்; சென்னப்பட்டணத்துப் பொம்மைகள் அதன் மரத்தில் கடைந்தவை.